மிட்டிகேட் என்ற சொல்லை எதனுடன் சேர்த்துக் கற்பது?

கடலூரில் இருந்தபடி, மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வுக்கும் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கும் ஒருசேரத் தயாராகும் நீங்கள், மிட்டிகேட் (mitigate) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் ‘குறைத்தல்’ என்று பட்டியலில் பொருள் எழுதி மனப்பாடம் செய்திருந்தும், மாதிரித் தேர்வில் அது வந்த கேள்வியில் தவறு செய்ததாகவும், கட்டுரையில் அதை வைத்து எழுதிய மூன்று வாக்கியங்களையும் திருத்தியவர் சுழித்துவிட்டதாகவும், காரணம் கேட்டதற்கு ‘இப்படிச் சொல்ல மாட்டார்கள்’ என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல்லின் பொருள் என்ன என்பது உங்கள் கேள்வி அன்று. பொருள் உங்களுக்குத் தெரியும். பொருள் தெரிந்த சொல் ஏன் கைகொடுக்கவில்லை என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது. புதுச்சேரியில் பல ஆண்டுகளாக இத்தகைய தேர்வுகளுக்கு ஆங்கிலம் கற்பித்துவருகிறேன். உங்களைப் போல உழைத்துப் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள் என்பதால், சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஐயமின்றிச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். மிட்டிகேட் என்பது வெறும் குறைத்தல் அன்று; தீங்கான ஒன்றின் கடுமையைக் குறைத்தல். இதில் இரண்டு நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. குறைக்கப்படுவது ஆபத்து, இழப்பு, பாதிப்பு, தண்டனை, துன்பம் போன்ற கெட்ட ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முதலாவது. குறைத்த பிறகும் அந்தத் தீங்கில் ஏதோ ஒரு பங்கு எஞ்சி நிற்கிறது என்பது இரண்டாவது. சொல்லின் வேரிலேயே இது தெரிகிறது. மீட்டிஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு மென்மையான, கனிந்த என்று பொருள். கடினமாக இருப்பதை மென்மையாக்குவதுதான் மிட்டிகேட். மென்மையாக்கினால் அந்தப் பொருள் இல்லாமல் போய்விடாது என்பதைக் கவனியுங்கள். உங்கள் பட்டியலில் இருந்த ‘குறைத்தல்’ என்ற ஒற்றைச் சொல் இந்த இரண்டு நிபந்தனைகளையும் விழுங்கிவிட்டது. செலவைக் குறைக்கிறோம், எடையைக் குறைக்கிறோம், வண்டியின் வேகத்தைக் குறைக்கிறோம், குழம்பில் உப்பைக் குறைக்கிறோம். இவற்றில் ஒன்றுக்குக்கூட மிட்டிகேட் பொருந்தாது. அங்கெல்லாம் ரிட்யூஸ் என்ற எளிய சொல்லே சரி.

இப்போது உங்கள் மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் மூன்று வகைத் தவறுகள் என்பதால், கற்றுக்கொள்வதற்கு இவற்றைவிட நல்ல பாடம் கிடைக்காது. ‘நாம் பிளாஸ்டிக் பயன்பாட்டை மிட்டிகேட் செய்ய வேண்டும்’ என்பது முதல் வாக்கியம். பயன்பாடு என்பது ஒரு செயல். அது தன்னளவில் தீங்கு அன்று, அதனால் விளைவதுதான் தீங்கு. பயன்பாட்டுக்கு ரிட்யூஸ் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் கடலுக்குச் செய்யும் கேட்டுக்கு மிட்டிகேட்டை வைத்திருந்தால் ஒருவரும் சுழித்திருக்க மாட்டார். ‘அலையாத்திக் காடுகள் கரையோர ஊர்களை மிட்டிகேட் செய்கின்றன’ என்பது இரண்டாவது. காப்பாற்றப்படுவதை இங்கே செயப்படுபொருளாக வைத்துவிட்டீர்கள். ஊரைக் காப்பதற்கு புரொடெக்ட் என்று தனிச் சொல் இருக்கிறது. மிட்டிகேட்டுக்குப் பின்னால் வர வேண்டியது ஊர் அன்று, ஊரைத் தாக்க வரும் அலையின் வேகமோ அதனால் விளையும் சேதமோதான். ‘ஏழைகளை மிட்டிகேட் செய்ய வேண்டும்’ என்று எழுதும் மாணவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். அவர்கள் சொல்ல வந்தது ஏழைகளின் துன்பத்தை. ‘தானே புயல் மறுநாள் மிட்டிகேட் ஆனது’ என்பது உங்கள் மூன்றாவது வாக்கியம். இது இலக்கணத் தவறு. இந்தத் தவறு தமிழர்களுக்கு ஏன் இவ்வளவு எளிதாக நேர்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

குறைத்தல் என்பதற்குப் பதிலாகத் தணித்தல் என்று எழுதிக்கொள்ளும்படி பல ஆசிரியர்கள் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன். அரசும் பேரிடர் தணிப்பு என்றுதான் இந்தக் கருத்தைத் தமிழில் வழங்குகிறது. குறைத்தலைவிடத் தணித்தல் பலமடங்கு நெருக்கமானது. ஏனென்றால் தமிழில் நல்லதை யாரும் தணிப்பதில்லை. சினம், வெப்பம், காய்ச்சல், தாகம் ஆகியவற்றைத்தான் தணிக்கிறோம். ஆனால் இந்த நல்ல சொல்லிலும் இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும். தமிழில் தணிந்தது, தணித்தது என்று ஒரே வேரிலிருந்து தன்வினையும் பிறவினையும் கிளைக்கின்றன. புயல் தானாகத் தணிந்தது என்றும் சொல்லலாம், புயலின் பாதிப்பைத் திட்டமிட்டுத் தணித்தார்கள் என்றும் சொல்லலாம். முருகனின் சினம் தணிந்த இடம் என்று திருத்தணிக்குப் பெயர்க்காரணம் சொல்கிறார்களே, அது தன்வினை. மிட்டிகேட் ‘தணித்தது’ என்பதற்கு மட்டுமே உரியது. ‘தணிந்தது’ என்று சொல்ல ஆங்கிலத்தில் அபேட், சப்சைட் என்ற வேறு சொற்கள் இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் பின்னர் அபேட் ஆனது, அல்லது சப்சைட் ஆனது, மிட்டிகேட் ஆகவில்லை. மிட்டிகேட்டுக்கு எப்போதும் ஒரு செய்பவரோ செய்யும் பொருளோ வேண்டும், செயப்படுபொருளும் வேண்டும். இரண்டாவது எச்சரிக்கை தாகத்தைப் பற்றியது. தமிழில் தாகம் தணிப்பது இயல்பு. ஆங்கிலத்தில் தாகத்துக்கு க்வென்ச் என்ற சொல் நிலைபெற்றுவிட்டது.

இவ்வாறு ஒவ்வொரு தீங்குக்கும் ஆங்கிலம் தனித்தனிச் சொற்களைப் பழக்கத்தில் வைத்திருப்பதால், ஒருபொருட் பன்மொழியாகப் பட்டியலில் தரப்படும் சொற்களை ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. வலி, வறுமை, நெரிசல் ஆகியவற்றோடு அலீவியேட் சேரும். அச்சம், ஐயம், கவலை ஆகியவற்றோடு அலே சேரும். குற்றவுணர்வு, சினம், பசி ஆகியவற்றோடு அஸ்வேஜ் சேரும். ஆபத்து, விளைவு, சேதம், இழப்பு, தாக்கம் ஆகியவற்றோடு மிட்டிகேட் சேரும். அமீலியரேட் சற்று வேறுபட்டது. அது தீங்கைக் குறைப்பதைவிட நிலைமையை மேம்படுத்துவதையே சுட்டும், அதனால் வாழ்க்கை நிலை, பணிச்சூழல் போன்றவை அதற்குப் பின்னால் வரும். இந்த எல்லைகள் மதில்போல் இறுகியவை அல்ல. துன்பத்தை மிட்டிகேட் செய்ததாகவும் அலீவியேட் செய்ததாகவும் நல்ல எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். எது எதனோடு அதிகம் சேர்கிறது என்ற பழக்கத்தைத்தான் நான் சொல்கிறேன். மீறினால் பிழை என்று சொல்லவில்லை.

மாதிரித் தேர்வில் நீங்கள் தவறவிட்ட கேள்வி வகைக்கு வருகிறேன். ஜிஆர்இ-யில் எதிர்ச்சொல் கேட்கும் நேரடிக் கேள்விகள் 2011இலேயே நீக்கப்பட்டுவிட்டன; 2023 செப்டம்பர் முதல் மொழிப் பகுதி 27 கேள்விகளாகச் சுருங்கியும் இருக்கிறது. இப்போது சொல்லறிவு முழுவதும் வாக்கியத்துக்குள் வைத்தே சோதிக்கப்படுகிறது. ஆறு சொற்களைக் கொடுத்து, ஒரே கோடிட்ட இடத்தில் வைத்தால் ஒத்த பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வகை ஒன்று உண்டு. இரண்டில் ஒன்று மட்டும் சரியாக இருந்தால் மதிப்பெண் இல்லை. நான் வகுப்பில் தரும் ஒன்றைத் தமிழில் சொல்கிறேன். ‘அந்த அலையாத்திக் காடு ஊருக்குள் நீர் புகுவதை முற்றிலும் தடுக்கவில்லை என்றாலும், வெள்ளத்தின் சேதத்தை அது ______ என்பதைப் பின்னாளில் நடந்த கணக்கெடுப்பு காட்டியது.’ தேர்வுகள்: மிட்டிகேட், அவெர்ட், எக்ஸாசர்பேட், அட்டெனுவேட், ஃபோர்ஸ்டால், காம்பவுண்ட்.

இந்த ஆறையும் கூர்ந்து பாருங்கள். மிட்டிகேட்டும் அட்டெனுவேட்டும் கடுமையைக் குறைப்பவை. அவெர்ட்டும் ஃபோர்ஸ்டாலும் நேராமலே தடுப்பவை. எக்ஸாசர்பேட்டும் காம்பவுண்டும் மோசமாக்குபவை. ஆறும் மூன்று இணைகளாக நிற்பதால், ஒத்த சொற்களைத் தேடிப் பிடிக்கும் திறமை இங்கே ஒரு பயனும் தராது. விடையைத் தருவது ‘முற்றிலும் தடுக்கவில்லை என்றாலும்’ என்ற தொடர் மட்டுமே. அந்தத் தொடர் அவெர்ட் இணையை நேரடியாக விலக்குகிறது. ‘என்றாலும்’ என்ற திருப்பம் நன்மையான விளைவை எதிர்பார்க்க வைப்பதால் எக்ஸாசர்பேட் இணையும் விலகுகிறது. தீங்கு எஞ்சுகிறது என்ற இரண்டாவது நிபந்தனையை நான் அவ்வளவு வற்புறுத்தியதற்குக் காரணம் இதுதான். வாக்கியத்தில் ‘முழுமையாக இல்லாவிட்டாலும்’, ‘ஓரளவு’, ‘எஞ்சிய’ போன்ற குறிப்புகளைக் கண்டால் மிட்டிகேட்டை நினையுங்கள். நேராமலே தடுத்துவிட்டதாகவோ அடியோடு ஒழித்துவிட்டதாகவோ குறிப்பு இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

நான் அலையாத்திக் காட்டை எடுத்துக்காட்டாக வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டைக் கடலோரத்து மீனவர் குடியிருப்புகளை ஆராய்ந்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே, கரையோர அலையாத்திக் காடுகள் சுனாமியை ‘மிட்டிகேட்’ செய்தன என்று இருந்தது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மறுபடி கணக்கிட்டு, கடலிலிருந்து ஊர் இருந்த தூரமும் நிலத்தின் உயரமும்தான் பெரும் வேறுபாட்டைச் செய்தன, காட்டின் பங்கு சிறியது என்று மறுத்தார்கள். காடு எவ்வளவு காத்தது என்பது அறிவியலாளர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. சொல்லைக் கற்கும் நமக்கு அதில் பயனுள்ளது வேறொன்று: காடு அலையை நிறுத்திவிட்டது என்று முதல் கட்டுரையின் தலைப்பு சொல்லவில்லை; அதன் கடுமை குறைந்தது என்று மட்டுமே சொன்னது. அடக்கமாக ஒன்றைச் சொல்ல விரும்பும் ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் சொல் இது. வாசிப்புப் பகுதிகளில் இதைக் காணும்போது ஆசிரியர் எவ்வளவு உறுதியாகப் பேசுகிறார் என்பதையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். ‘காடுகள் சுனாமியைத் தடுத்தன என்று ஆசிரியர் கருதுகிறார்’ என்ற தெரிவு பெரும்பாலும் வலையாகத்தான் வைக்கப்பட்டிருக்கும்.

நீங்கள் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கப் போவதாகச் சொல்லியிருப்பதால், உங்கள் துறையில் இந்தச் சொல்லுக்கு இரண்டு தனிப் பொருள்கள் நடமாடுவதையும் தெரிந்துகொள்வது அவசியம். பேரிடர் மேலாண்மையில் மிட்டிகேஷன் என்பது விரிந்த பொருள் உடையது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பேரிடரின் ஆபத்தையும் தாக்கத்தையும் விளைவுகளையும் குறைக்க எடுக்கும் நடவடிக்கைகள் என்று அதற்கு வரையறை தருகிறது. புயல் பாதுகாப்பு மையமும் கடற்சுவரும் இதில் அடங்கும். காலநிலை மாற்றத்தைப் பற்றிய எழுத்தில் அதே சொல் சுருங்கிய பொருள் கொள்கிறது; அங்கே மிட்டிகேஷன் என்றால் பசுங்குடில் வாயுக்களின் உமிழ்வைக் குறைப்பதும் அவற்றை உறிஞ்சும் காடு போன்றவற்றைப் பெருக்குவதும்தான். ஏறிவரும் கடலுக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வதற்கு அடாப்டேஷன் என்று வேறு பெயர். காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா.வின் ஐபிசிசி அமைப்பிலும் அடாப்டேஷனை இரண்டாம் பணிக்குழுவும் மிட்டிகேஷனை மூன்றாம் பணிக்குழுவும் தனித்தனியாகத்தான் ஆராய்கின்றன. ஆகவே புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒட்டி அடுக்கியிருக்கும் பாறைக் கற்கள் பேரிடர் நூலில் மிட்டிகேஷன், காலநிலை நூலில் அடாப்டேஷன். ஒரே கற்கள்தான், எழுதுபவரின் துறை மாறுகிறது. ஐஇஎல்டிஎஸ் வாசிப்புப் பகுதியில் இந்த இரண்டு சொற்களும் எதிரெதிரே நிறுத்தப்பட்டிருந்தால், காலநிலைப் பொருளிலேயே படியுங்கள்.

சட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு உறுதியான இடம் உண்டு. 1980ஆம் ஆண்டு பச்சன் சிங் வழக்கில், மரண தண்டனை விதிக்கும் முன் குற்றத்தின் கொடுமையை மிகுவிக்கும் சூழல்களோடு மிட்டிகேட்டிங் சூழல்களையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. குற்றவாளியின் இளவயது, அப்போதைய மனநிலை போன்றவை அப்படிப்பட்டவை. அவை குற்றத்தை இல்லாமல் ஆக்குவதில்லை, தண்டனையின் கடுமையைத்தான் குறைக்கின்றன. ‘எஞ்சி நிற்கும்’ என்று நான் சொன்ன நிபந்தனை இங்கே மிகத் தெளிவாகத் தெரிகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு வரும் மாணவர்களுக்கு இந்தச் சொல்லில் வேறொரு சிக்கல் உண்டு. பிரெஞ்சில் மித்திழே என்ற சொல் இன்று பெரும்பாலும் ‘கலவையான’, ‘நல்லதும் கெட்டதுமான’ என்ற பொருளில் வழங்குகிறது. ஒரு திரைப்படத்துக்குக் கிடைத்த வரவேற்பு மித்திழே என்றால் சிலர் விரும்பினார்கள், சிலர் விரும்பவில்லை என்று பொருள். வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் குழாய்க்கும் அங்கே மித்திழேர் என்றே பெயர். இந்தப் பழக்கத்தில், ‘மிட்டிகேட்டட்’ என்று ஆங்கிலத்தில் பார்த்ததும் கலவையான என்று பொருள் கொண்டு வாசிப்புப் பகுதி முழுவதையும் தடம்மாற்றிக்கொண்ட மாணவி ஒருவரை வகுப்பில் பார்த்திருக்கிறேன். விடைகள் எல்லாம் அவர் கொண்ட பொருளுக்கு ஒழுங்காகப் பொருந்தியிருந்தன. உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது என்றால் இந்தப் பத்தி உங்களுக்குத் தேவையில்லை.

இனி, முழு உறுதியோடு சொல்ல முடியாத இடங்கள். ‘மிட்டிகேட் அகெய்ன்ஸ்ட்’ என்ற தொடரை நாளிதழ்களிலும் அறிக்கைகளிலும் நீங்கள் பார்க்கலாம். ஒன்றுக்கு எதிராக வலுவாக இயங்குதல் என்ற பொருளுடைய மிலிட்டேட் அகெய்ன்ஸ்ட் என்ற தொடரோடு ஏற்பட்ட குழப்பம் இது என்று பயன்பாட்டு நூல்கள் கண்டிக்கின்றன. ஆனாலும் படித்தவர்கள் எழுத்திலேயே இது நெடுநாளாக வந்துகொண்டிருக்கிறது. மொழி போகும் வழி எதுவாக இருந்தாலும், தேர்வு எழுதும் நீங்கள் மிட்டிகேட்டுக்குப் பின்னால் அகெய்ன்ஸ்ட் போட வேண்டாம். பிழை என்று கருதும் திருத்துநர் ஒருவர் இருந்தாலும் இழப்பு உங்களுக்குத்தான். அதேபோல் ‘அன்மிட்டிகேட்டட்’ என்ற எதிர்மறை வடிவம் தாய்ச்சொல்லின் விதிக்குக் கட்டுப்படுவதில்லை. அன்மிட்டிகேட்டட் டிசாஸ்டர் என்றால் துளியும் குறையாத முழுப் பேரழிவு. ஆனால் மகிழ்ச்சி, வெற்றி, வரம் போன்ற நல்லவற்றுக்கு முன்னாலும் அது வரும். ‘அணை அந்த ஊருக்கு அன்மிட்டிகேட்டட் வரமாக இருக்கவில்லை’ என்பது போன்ற வாக்கியங்கள் ஜிஆர்இ பாணிக்கு மிகவும் பொருந்தியவை. கெட்டதோடு மட்டுமே சேரும் என்ற விதியை இந்த வடிவத்துக்கு நீட்டாதீர்கள். ‘முழுமையான’ என்ற பொருளில் தனிச் சொல்லாகவே கற்றுக்கொள்ளுங்கள். லிட்டிகேட் என்பது வழக்காடுதல். ஒலி மட்டுமே நெருக்கம்.

ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் இதை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதலாம், ஆனால் சொல்வளத்துக்கு எழுத்துத் தேர்வில் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண்தான், அந்தப் பங்கும் அரிய சொல்லைப் போட்டதற்காக மட்டும் கிடைப்பதில்லை. ஏழாம் நிலைக்கான வெளியிடப்பட்ட விளக்கத்தில், அதிகம் வழங்காத சொற்களை நடையையும் சொற்சேர்க்கையையும் ஓரளவு உணர்ந்து பயன்படுத்துவது என்றே இருக்கிறது. சொற்சேர்க்கை தவறினால், எளிய ரிட்யூஸ் போட்டிருந்தால் வந்திருக்காத குறை வந்து சேரும். ஒரு கட்டுரைக்கு ஒரு முறை, அதுவும் தீர்வுகளைப் பேசும் பத்தியில், ஆபத்து அல்லது விளைவு என்ற சொல்லை உடனே பின்னால் வைத்து எழுதுங்கள். நான்கு பத்தியிலும் மிட்டிகேட் வந்தால் மனப்பாடம் செய்த கட்டுரை என்ற எண்ணம் படிப்பவருக்கு எழும்.

எஞ்சியிருக்கும் ஆயிரம் சொற்களை என்ன செய்வது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. உங்கள் தேர்வில் எந்தச் சொல் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘கட்டாயம் வரும் 300 சொற்கள்’ என்று விற்கப்படும் பட்டியல்களை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். நான் மாணவர்களுக்குத் தரும் முறை இது. ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருளை எழுதி நிறுத்தாமல், வினைச்சொல் என்றால் ‘யார்? எதை?’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடையைப் பக்கத்திலேயே எழுதுங்கள். மிட்டிகேட் என்ற பக்கத்தில், யார் என்பதற்குக் காடு, சட்டம், திட்டம், மருந்து. எதை என்பதற்கு ஆபத்து, சேதம், விளைவு, தண்டனை. கீழே, எதை அன்று என்பதற்கு ஊர், மனிதர், செலவு, எடை. பிறகு, எதிர்த்திசையில் இழுக்கும் எக்ஸாசர்பேட்டை அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்; அதற்குப் பின்னாலும் பெரும்பாலும் இதே தீங்குகள்தான் வரும் என்பதால் ஒரே உழைப்பில் இரண்டு சொற்கள் கைவரும். படித்தது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை 1885இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்துக் காட்டியிருக்கிறார். ஆகவே மறுநாளும், சில நாள் கழித்தும், சில வாரம் கழித்தும் அதே பக்கத்தைத் திருப்புங்கள். திருப்பும்போது பொருளைப் படிக்காமல் மூடிவைத்துவிட்டு, ‘எதை?’ என்ற கேள்விக்கு நீங்களே புதிதாக ஒரு விடை சொல்லிப் பாருங்கள். இந்த முறையில் ஒரு நாளில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் போக முடியாது. ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் சொற்களைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. மாதிரித் தேர்வில் எந்தெந்தச் சொல் உங்களைத் தவறவிட்டதோ அந்தச் சொற்களுக்கு மட்டும் முதலில் இப்படிப் பக்கம் போடுங்கள். சுழிக்கப்பட்ட மூன்று வாக்கியங்களையும் மேலே சொன்னபடி திருத்தி, அவற்றைத் திருத்தியவரிடமே மறுபடி காட்டுங்கள்.